துடைத்து வைத்த வண்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் பெருமாள்மலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் செசிலியம்மாள். கேட்டது 2018-ஆம் ஆண்டு தை மாதத்தில், மூடுபனியால் பேருந்து தாமதமான ஒரு பிற்பகலில். பிறகு வேறு சிலரிடமும் கேட்டேன். வண்டியின் நிறமும் பேச்சின் சூடும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆனால் ஒரு மனிதர் தகரக் கொட்டகைக்குள் தனியாக நின்றிருந்த அந்தச் சிறு பொழுதை எல்லோருமே நீட்டித்தான் சொன்னார்கள். அந்த நீளத்தில் நான் கை வைக்கவில்லை. செசிலியம்மாள் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

“பால் திரிஞ்சுபோச்சு மாப்ள. கடை வரைக்கும் போயிட்டு இந்தா வந்துர்றேன், நீ வண்டியப் பாத்துக்கிட்டு இரு” என்று சொல்லிவிட்டு நண்பர் தனுஷ்கோடி நாயுடுபுரம் மேட்டிலிருந்து இறங்கிப் போனார். சவரிராயன் கொட்டகையில் தனித்து நின்றார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து, நெஞ்சுவலி வந்தபின் விருப்ப ஓய்வில் வெளியேறியவர். மழையிலும் பனியிலும் கம்பம் ஏறிய உடம்பு இப்போது மாடிப்படியைக் கண்டால் கணக்குப் போட்டது. தனுஷ்கோடி இந்தக் கொட்டகையைப் பிரித்துவிட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு இரண்டு அறைகள் கட்டப்போகிறார். ஆகவே இரண்டு ஆண்டுகளாக இங்கே தார்ப்பாயின் கீழ் கிடக்கும் சவரிராயனின் மவுண்டன் பைக்கை என்ன செய்வது என்று இன்றைக்கு முடிவாக வேண்டும். தனுஷ்கோடி போனிலேயே ஒரு வழி சொல்லியிருந்தார்: “வாங்குறதுக்கு ஒரு ஆளு இருக்கு மாப்ள, நல்ல கைக்குத்தான் போகும்.” பழ வியாபாரி பீர்முகமது இன்னொரு வழி சொல்லியிருந்தார்: மாதா திருவிழா ஏலத்துக்குக் கொடுத்துவிடு, புண்ணியமாவது மிஞ்சும். சவரிராயனின் மனத்தில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. வீட்டு முன்னறைச் சுவரில், அப்பா படத்துக்குக் கீழே, இரண்டு கொக்கி அடித்து மாட்டிவிடுவது. பஸ்ஸில் ஏறி வரும்போது அந்தக் கொக்கிகளின் இடைவெளியைக்கூட விரல்களால் அளந்துகொண்டே வந்தார். ஒருவேளை மாட்டினால் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் கால் தானாக மிதிக்கத் தொடங்கும், கால் மிதித்தால் நெஞ்சு பதில் சொல்லும். அப்படியானால் விற்றுவிடலாம். விற்றால் பூம்பாறைச் சாலையில் யாரோ ஒருவன் அதை ஓட்டிக்கொண்டு எதிரே வருவான், பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்க்க வேண்டும், அது மாட்டுவதைவிடக் கொடுமை. இப்படியே போய்த் திரும்பி வந்து மறுபடி அதே வளைவில் நின்றது யோசனை. சட்டைப் பையில் பழைய பனியன் துணி ஒன்றும் தையல் மிஷின் எண்ணெய்ச் சீசா ஒன்றும் இருந்தன. எந்த வழியானாலும், தூசியும் ஒட்டடையுமாகக் கிடப்பதைத் தன் கையாலேயே ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று எடுத்து வந்திருந்தார்.

தார்ப்பாயை விலக்கினார். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. மங்கிய பச்சை நிறக் குழாய்கள் தகரத்தின் ஓட்டை வழியே விழுந்த வெயிலில் பளிச்சென்று இருந்தன. முதலில் வந்தது மகிழ்ச்சிதான். கோடி, என் கோடி, நான் வருகிறேன் என்று துடைத்து வைத்திருக்கிறாயே. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரப் பயணியிடமிருந்து சவரிராயன் இந்த வண்டியை வாங்கி வந்த நாளில், இது என்னடா ஒட்டகம் மாதிரி இருக்கிறது என்று சிரித்தவன் இவன்தான். ஒரு மாதத்துக்குள் தானும் ஒன்று தேடிப் பிடித்து, பீர்முகமதுவையும் இழுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மூன்று பேரும் வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை என்று காடும் மேடும் திரிந்த அத்தனை வருடங்களுக்கும் காரணமானவன். கையை நீட்டி டயரை அழுத்தினார். கல்லைப்போல இருந்தது. நல்லது, காற்றும் அடித்து வைத்திருக்கிறான். செயினைத் தொட்டார். விரலில் பசையாக ஒட்டியது. எண்ணெயும் விட்டிருக்கிறான், அதுவும் நல்லதுதான். முழங்காலை மெல்ல மடக்கிக் குந்தி, பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்வட்டங்களுக்கு இடையே பார்த்தார். அங்கே மகிழ்ச்சி ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது. ஒன்பது வட்டங்களுக்கும் நடுவே ஒரு பொட்டு அழுக்கு இல்லை. காட்டுவதற்காகத் துடைப்பவன் குழாயைத் துடைப்பான், ஹேண்டில்பாரைத் துடைப்பான், மிஞ்சினால் சக்கரத்தின் விளிம்பை. பல்வட்டத்துக்கு நடுவே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நுழைத்து, மண்ணெண்ணெய் தொட்டு, ஒவ்வொரு இடுக்காகச் சுழற்றித் தேய்ப்பது வேறு வேலை. அது சேற்றில் போய் வந்த வண்டிக்குச் செய்யும் வேலை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் சவரிராயன்தான். யார் வண்டியில் யார் போனாலும் சரி, எவ்வளவு அலுப்பானாலும் சரி, ஓட்டிய வண்டியைக் கழுவி, இடுக்கெல்லாம் தேய்த்து, எண்ணெய் விட்டுத்தான் நிறுத்த வேண்டும், பிறகுதான் சாப்பாடு. அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை யாரோ இந்த வண்டியின் மேல் விடாமல் நிறைவேற்றியிருந்தார்கள்.

இல்லை, அப்படி இல்லை. கோடி பழக்கத்தில் செய்திருப்பான், துணியைக் கையில் எடுத்தால் அவனுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது, ஜீப்பைக் கழுவும்போதுகூட டயர் இடுக்குக் கல்லை ஆணியால் எடுப்பவன். சவரிராயன் இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டே பிரேக் கட்டைகளைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் மன்னவனூர் ஏற்றத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று இதில் இருந்தவை கறுப்புக் கட்டைகள், தேய்ந்து தகடு தெரியும் நிலையில். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போன பயணம் அது. இப்போது சாம்பல் நிறக் கட்டைகள் இருந்தன. புதிதாகப் போட்டவை. போட்டபின் பாதி தேய்ந்தவை. நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்குப் பிரேக் தேயுமா? ஒருவேளை வாங்க வருகிறவன் ஓட்டிப் பார்த்திருப்பான். ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் பாதிக் கட்டை போகுமா, அடுக்கம் இறக்கத்தில் மழையில் ஒரு வருடம் இறங்கினால் போகும். நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. உடனே கை அங்கே போனது. இரண்டு வருடமாக எந்த உணர்ச்சி வந்தாலும் முதலில் கை அங்கேதான் போகிறது, இது கோபமா அல்லது அதுவா என்று விசாரிக்க. மதுரையில் இதயக் குழாய்க்குள் வைத்த அந்தச் சிறு கம்பிச் சுருள் உள்ளே எங்கேயோ விழித்துக்கொண்டு தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஓர் எண்ணம் அவருக்கு உண்டு. அது அமைதியாகத்தான் இருந்தது. அப்படியானால் இது கோபமும் இல்லை. கோபத்துக்கு முன்னால், காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் ஒன்று. எழுந்து வண்டியை ஒட்டி நின்றார், எப்போதும் ஏறுவதற்கு முன் நிற்பதைப்போல. சீட்டின் மேல் விளிம்பு இடுப்பெலும்பில் வந்து இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. நான்கு விரற்கட்டை கீழே இருந்தது. தனுஷ்கோடி அவரைவிட நெட்டை. பீர்முகமதுவும் நெட்டை. அவர்கள் ஏறியிருந்தால் சீட் உயர்ந்திருக்குமே தவிர இறங்கியிருக்காது. ஆக, அவர்கள்கூட இல்லை. குள்ளமான ஒருவர், நான்காவதாக ஒருவர். இல்லை, மூன்றாவதாக ஒருவர். நான் போனபின் மூன்று என்ற எண்ணிக்கையை நிரப்புவதற்கு வந்த ஒருவர்.

மதுரை ஆஸ்பத்திரியில் அந்தப் பச்சைத் திரைக்குப் பக்கத்தில் இருவரும் வந்து நின்றதை நினைத்தார். இதை நினைக்காமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. நினைத்து நினைத்துக் காசு தேய்வதைப்போல அந்தக் காட்சி வழவழப்பாகிவிட்டிருந்தது. தனுஷ்கோடி அவர் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, “நீ இல்லாம நாங்க மட்டும் மிதிச்சு எங்க போகப்போறோம் மாப்ள, விட்டாச்சு, அம்புட்டுத்தான்” என்று சொன்னார். பீர்முகமது தலையை மட்டும் ஆட்டினார், கண் கலங்கியிருந்தது. ஊருக்கு வந்தபின் தனுஷ்கோடி தன் வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்னார். பீர்முகமது அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சவரிராயன் எத்தனையோ முறை, டேய் நீங்களாவது போங்கடா, என்னால ஏன்டா உங்க காலும் கட்டிக் கிடக்கணும் என்று கேட்டிருக்கிறார். கேட்டபோதெல்லாம் அவர்கள் கேரம் காய்களை அடுக்கிக்கொண்டு, விடுப்பா, வயசாச்சு, மூச்சு வாங்குது என்றார்கள். போன கிறிஸ்துமஸுக்கு, ஒரு தம்ளர் ஒயினுக்குப் பிறகு, அவர் எழுந்து நின்று அவர்களிடம் மன்னிப்பே கேட்டார். என் ஒரு நெஞ்சுக்காக ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமையக் குடுத்தீங்களே என்று குரல் உடைந்து கேட்டார். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடக்கம் என்று நினைத்தார். தனுஷ்கோடி வந்து முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இப்போதும் தோள்பட்டையில் இருந்தது, அதே இடத்தில், ஆனால் இப்போது அது வேறு எடையாக இருந்தது. மூட்டை தூக்குகிறவன் முதுகில், இன்னும் கொஞ்ச தூரந்தான் என்று தட்டுவார்களே, அப்படி.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து தம்மைத் திருப்பிக் காட்டின. பத்து மணிக்கு வருவார்கள். தலை ஈரமாக இருக்கும், வெள்ளைச் சட்டை, பவுடர் வாசனை. பூசை முடிந்து வரும் சவரிராயன் கேலி செய்வார், கோயிலுக்குப் போற நானே இப்படிக் குளிக்கலையே என்று. ரெஜினா ஆப்பம் சுட்டுச் சுட்டு வைக்க, இருவரும் பேசாமல் குனிந்து தின்பார்கள், கூடை காலியாகும்வரை. என் மனைவியின் கைப்பக்குவம் என்று பெருமையாக இருக்கும். அது பக்குவம் இல்லை, விடியற்காலையிலிருந்து மலையேறி இறங்கிய பசி. அந்தப் பசி எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் யாரைவிடவும் நன்றாக எனக்குத் தெரியுமே, எப்படித் தெரியாமல் போனது? தனுஷ்கோடி கேரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குவார், சர்க்கரை வந்துவிட்டதோ என்று சவரிராயன் கவலைப்பட்டு அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், அவரும் போய்ச் செய்துகொண்டு வந்து, ஒன்றும் இல்லையாம் என்று சொன்னார். பீர்முகமதுவின் உள்ளங்கை சிராய்ந்திருந்தது ஒருமுறை, பிளம்ஸ் மரத்திலிருந்து விழுந்தேன் என்றார். அவர்கள் கைகளில் விரல்கள் கறுத்தும் புறங்கை வெளுத்தும் இருந்தன. விரல் திறந்த கையுறை போடுகிறவன் கை அப்படித்தான் இருக்கும் என்பதைத் தன் கையிலேயே இருபது வருடம் பார்த்தவர், அவர்கள் கையில் பார்த்து வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவே பீர்முகமது காரணமில்லாமல் ‘மாடு’ என்று ஒரு சொல் சொன்னார், அவ்வளவுதான், இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சவரிராயனும் சேர்ந்து சிரித்தார். எதற்கென்று தெரியாமல், அவர்களைவிட உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தபோதுதான் முகம் சுட்டது. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பை எங்கே கொண்டு வைப்பது.

ரெஜினாவுக்குத் தெரிந்திருக்காது. இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, யாரும் அவரைக் கேட்கவில்லை. வந்தபின் போகவில்லை. ரெஜினாவுக்குத் தெரிந்திருக்காது, அவளுக்குப் பொய் சொல்ல வராது, காய்கறிக்காரியிடம்கூட விலை குறைத்துக் கேட்கத் தெரியாதவள். ஆனால் சனிக்கிழமை ராத்திரி அவள் மாவு கரைப்பது பெரிய குண்டானில். கூட வந்து சாப்பிடும் இரண்டு பேருக்கு அவ்வளவு மாவு வேண்டாம். அவர்கள் முதல்முறை அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்தபின் கூட்டியிருப்பாள், அதுதான் இயல்பு. பார்த்தபின் கூட்டினாளா, முதல் வாரத்திலிருந்தே குண்டான் பெரிதாகத்தான் இருந்ததா? நினைவைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார், அது நிற்க மறுத்து நழுவியது. பீர்முகமதுவின் சிராய்ப்புக்கு அவள் களிம்பு கொண்டுவந்து கொடுத்தாள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கவில்லை. விழுந்தவரை எப்படி விழுந்தீர்கள் என்று கேட்காத பெண் உண்டா? அவள் கேட்டிருப்பாள், நான்தான் அப்போது உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன். வண்டியை வீட்டுக்கு எடுத்து வரலாம் என்று சொன்னபோது, வேண்டாங்க, பாத்தா மனசு கேக்காது, கோடி அண்ணன் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றது அவள்தான். அக்கறையில் சொன்னது. அக்கறையில் சொன்னது, அக்கறையில் சொன்னது. கொட்டகை மூலையில் ஜீப்பின் மாற்று டயருக்குப் பின்னால் இன்னொரு தார்ப்பாய் கூம்பாக மூடிக் கிடந்தது. அதன் அடியில் ஒரு டயரின் கால்வட்டம் தெரிந்தது, கொட்டைகொட்டையான பற்களுடன், சுத்தமாக. நான்கு எட்டு வைத்துத் தூக்கிப் பார்த்தால் விற்றுவிட்ட வண்டி அங்கே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். சவரிராயன் தூக்கவில்லை. தூக்காதவரை அது பழைய டயராகவும் இருக்கலாம், வெறும் விறகாகவும் இருக்கலாம். ரெஜினாவுக்குத் தெரிந்திருக்காது என்ற வாக்கியத்தின் மேலும் அதேபோல ஒரு தார்ப்பாய் கிடந்தது. அதையும் அவர் தூக்கவில்லை. வெளியே தைலமரங்களில் காற்று ஏறி இறங்கியது. யாரோ செருப்பு உரச மேடேறி வந்தார்கள்.

தனுஷ்கோடி வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தார். “பாத்தியா, எப்படி வச்சிருக்கேன்? வாங்குறவன் மறுபேச்சு பேச மாட்டான்” என்றார் முதுகைக் காட்டியபடி. “டீக்குச் சக்கர போடவா வேணாமா? தங்கச்சி வேற என்னயப் புடிச்சு ஏசும்.”

“போடு. கோடி, சீட்ட யாரு எறக்குனது?”

பால் பொங்கி வந்தது. தனுஷ்கோடி அடுப்பைக் குறைத்தார், பிறகு அணைத்தார், பிறகு அணைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது... கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருக்காரே, இளவழகன் டாக்டரு. குட்டையா இருப்பாரு. அவருதான்” என்றார்.

“எத்தன நாளா?”

“மாப்ள, எல்லாம் ஒன் நெஞ்சுக்காகத்தான்...”

“நெஞ்சு நல்லாருக்கு. எங்கெல்லாம் போனீங்க? அதச் சொல்லு.”

அவர் கேட்ட குரலில் கோபம் இல்லாததைக் கண்டு தனுஷ்கோடி திரும்பினார். முதலில் வாய்க்குள் முனகினார், சும்மா பக்கத்துல, வில்பட்டி வரைக்கும், மழைக் காலத்துல அதுவும் இல்லை என்றார். சவரிராயன் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தார். கூக்காலுக்குப் போனீங்களா என்று கேட்டார். போனோம். ஏரிக்குப் பின்னால அந்த ஒத்தையடி? “அதுல பாதி சரிஞ்சுபோச்சு மாப்ள, வனத்துறை வேலி போட்டுட்டான். நாங்க மேல பைன் காட்டோட சுத்தி ஒரு புதுத் தடம் புடிச்சோம் பாரு...” என்று ஆரம்பித்தார் தனுஷ்கோடி. சொல்லச் சொல்ல அவர் தோள்கள் முன்னே சாய்ந்தன, இரண்டு கைகளும் காற்றில் ஒரு ஹேண்டில்பாரைப் பிடித்தன. “அடுக்கம் எறக்கத்துல, நாலாவது வளைவு, நடுரோட்டுல ஒரு மாடு. நாங்க ரெண்டு பேரும் ஓரமாப் போயிட்டோம். டாக்டரு பிரேக்க அமுக்கி எறங்கி நின்னுக்கிட்டாரு. ‘ஸார், அது முட்டுமா ஸார்?’ங்குறாரு! யாரு? மாட்டு டாக்டரு! பீரு ரோட்டுலயே உருண்டுட்டான் மாப்ள. அந்த மாடு போயி அவரு சட்டைய நக்குது, இவரு கையக் கட்டிக்கிட்டு வாத்தியாருக்கு முன்னால நிக்கிற மாதிரி...” அவர் சிரித்தார். இருமினார், மறுபடி சிரித்தார், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். சவரிராயன் அந்த முகத்தைப் பார்த்தார். நன்றாகத் தெரிந்த முகம். மேடு ஏறி முடித்து முதல் இறக்கத்தில் காற்று வந்து அறையும்போது இந்த முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கொட்டகையில் நின்றபோது அவர் ஒரு நினைப்பை மிச்சம் வைத்திருந்தார்: போயிருப்பார்கள், ஆனால் என்னை நினைத்துக்கொண்டு, ஒரு குறையோடு, கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு போயிருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். அவர் இல்லாததால் எந்த வளைவும் நீளம் கூடவில்லை, எந்த ஏற்றமும் கடினமாகவில்லை. அவருடைய வண்டிக்குக்கூட அவர் தேவைப்படவில்லை. நான்கு விரற்கட்டை சீட்டை இறக்கினால் போதுமானதாக இருந்தது. அவருக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தது என்று அவர் இரண்டு வருடம் தாங்கி நின்ற கடன், யாருமே கொடுக்காத கடன். அதற்காகத்தான் பூசைக்குப் போனபோதெல்லாம் அவர்கள் பேரில் மெழுகுவர்த்தி ஏற்றினார், எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

“ஜீப்ல ஏத்து கோடி. நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்” என்றார்.

“எதை?”

“என் வண்டிய.”

தனுஷ்கோடியின் கைகள் இன்னும் காற்றிலிருந்த ஹேண்டில்பாரை விடவில்லை. “அப்ப ஞாயித்துக்கிழமை டாக்டரு எதுல வருவாரு?” என்றார். சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார், சின்னப் பிள்ளையைப்போல. கேள்வி அவ்வளவு இயல்பாக, அவ்வளவு நேர்மையாக இருந்தது. இரண்டு வருடத்தில் தனுஷ்கோடி அவரிடம் யோசிக்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம் போலவும், அந்த டீ தம்ளரை அவர் முகத்தில் எறியலாம் போலவும் ஒரே சமயத்தில் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வண்டி வேண்டும் என்று அவருக்கு இப்போது ஆசை இல்லை. சுவரும் கொக்கிகளும் எங்கோ போய்விட்டன. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கொட்டகையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அற்பமான எண்ணம் என்று தெரிந்தது. அற்பமாக இருக்கட்டும், பெருந்தன்மையாக இருந்து பார்த்தாயிற்று.

ஜீப் மலைப்பாதையில் இறங்கியது. பின்னால் பச்சை வண்டி ஒவ்வொரு வளைவிலும் இரும்பில் மோதி ஒலித்தது. துணி சுற்றிக் கட்டாமல் ஏற்றியிருக்கக் கூடாது, பெயின்ட் உரியும் என்று கை பரபரத்தது, அடக்கிக்கொண்டார். வெள்ளி அருவிப் பக்கம் சுற்றுலா வேன்கள் நின்றன, யாரோ சோளம் சுட்டார்கள், குரங்கு ஒன்று தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தொப்பி ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல இருந்தன. வீட்டுக்குப் போய் ரெஜினாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் ஓர் ஆறுதல் இருந்தது. சொல்லும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று கற்பனை செய்தார். அடப்பாவிகளா என்பாள். ஆப்பத்த அப்படித் தின்னாங்களே என்பாள். கையிலிருக்கும் கரண்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். அவள் கோபப்படப் பட, தன் கோபம் கொஞ்சம் இறங்கும். இரண்டு பேர் சேர்ந்து ஏமாறுவது ஒருவர் தனியாக ஏமாறுவதைப்போல அல்ல. அதில் ஒரு குடும்பம் இருக்கிறது. பெருமாள்மலை நெருங்க நெருங்க அவர் அந்தக் காட்சியை அவசரமாகக் கட்டி முடித்தார், ஜன்னல், திரைச்சீலை, அவள் புடவையின் நிறம் உட்பட.

ஜீப் சத்தம் கேட்டு ரெஜினா வாசலுக்கு வந்தாள். முன்கையில் சோப்பு நுரை இருந்தது. சவரிராயன் இறங்கினார். தனுஷ்கோடி இறங்கிப் பின்பக்கக் கதவைத் திறந்து, வண்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். ரெஜினா வண்டியைப் பார்த்தாள். கணவனைப் பார்க்கவில்லை. தனுஷ்கோடியின் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“சொல்லிட்டீங்களாண்ணே?”

செசிலியம்மாள் இங்கே நிறுத்திவிட்டார். ரெஜினாவின் அந்தக் கேள்வியை இன்னும் ஒருவரிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன், அவரும் பெண்தான். நாயுடுபுரத்து ஜீப் ஓட்டுநர்கள் சொல்லும்போது கதை கொட்டகையிலேயே முடிகிறது. சவரிராயன் வண்டியைக் கால்நடை மருத்துவருக்கே கொடுத்துவிட்டு மாட்டுக் கதையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கிறார். பழமண்டியில் சொல்பவர்கள், வழியில் ஜீப்பை நிறுத்தி வண்டியைப் பள்ளத்தில் தள்ளினார் என்கிறார்கள். எந்த வளைவில் என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் காட்டுகிறார்கள். கீழே பெரியகுளத்தில் வழங்கும் வடிவம் ஒன்றில்தான் எல்லாம் நல்லபடியாக முடிகிறது: ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் முன்னால் மிதித்துப் போக, சவரிராயன் ஜீப்பில் பின்னால் போகிறார், உச்சியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த வடிவத்தில் அவருக்கு மனைவி கிடையாது.